ராத்திரி வசூலுக்குப் போகிறவன் புல்லட் ப்ரூஃப் அங்கி வாங்கலாமா?

லைன்காரன் | செவ்வாய், இரவு 11.10

எல்லாருக்கும் வணக்கம். சோப்பு, பிஸ்கட் ஏஜென்சி ஒன்றில் லைன் பார்க்கிறேன். ஒரு நாள் செக்கானூரணி, உசிலம்பட்டி, எழுமலை. மறுநாள் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர். வசூல் முடித்து, பையில் ஒன்று ஒன்றரை லட்சத்தோடு எக்ஸ்எல்லில் வீடு வந்து சேர ராத்திரி பத்தாகிவிடும்.

போன மாதம் இதே லைனில் இன்னொரு கம்பெனிப் பையனை வழிமறித்துப் பையைப் பிடுங்கிவிட்டார்கள். விடமாட்டேன் என்று இழுத்திருக்கிறான், கையில் ஆறு தையல். அன்றிலிருந்து வீட்டுக்காரி தூங்குவதில்லை. நேற்று செல்போனைக் கொண்டுவந்து நீட்டுகிறாள், ஆன்லைனில் புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் 6,800 ரூபாயாம். "தீபாவளிச் சேலை வேண்டாம், இதை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறாள்.

போலீசும் ராணுவமும் போடுகிற சாமானை என்னைப் போன்ற ஆள் வாங்குவது சரிதானா? வாங்கினால் உதவுமா? கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யானைக்கல் மாப்ள | செவ்வாய், இரவு 11.25

அண்ணே, அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் போங்கள், மூன்று மாதப் பழைய பாக்கியெல்லாம் தானாக வந்துவிடும்.

பழைய பட்டாளம் | புதன், காலை 5.50

தம்பி, 22 வருடம் மத்திய ரிசர்வ் போலீசில் இருந்தவன் நான். அதில் பாதி நாள் இந்த அங்கியோடுதான் குடும்பம் நடத்தினேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று துணி போல வளைவது. கெவ்லார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 1965ல் டூபான்ட் கம்பெனியில் ஸ்டெபனி குவோலெக் என்ற அம்மையார் கண்டுபிடித்த இழை. அந்த மாதிரி இழையில் நெய்த துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். பிஸ்டல் குண்டு அதில் மோதினால் வலையில் விழுந்த பந்துபோல வேகம் இழந்து, நசுங்கி நின்றுவிடும். ரைஃபிளுக்கு அது பத்தாது. செராமிக் தகடோ எஃகுத் தகடோ சொருகிய இரண்டாவது சாதி வேண்டும். குண்டு நின்றாலும் அடி நிற்காது. அமெரிக்கத் தரச் சோதனையில் அங்கிக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுடுவார்கள். அந்த மண்ணில் 44 மில்லிமீட்டர் வரை குழி விழுந்தாலும் தேர்ச்சிதான். இரண்டு விரற்கடைக்கு மேல். விலா எலும்பு போகலாம், உயிர் தங்கும்.

நம் நாட்டிலும் 2018ல் ஐ.எஸ். 17051 என்று தரம் வகுத்தார்கள். 2024ல் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த 'அபெத்' அங்கி எடை குறைந்தது என்று பெயர் வாங்கியது. அதுவே 8.2 கிலோ, 9.5 கிலோ. அப்படியிருக்க 6,800 ரூபாய்க்கு உங்களுக்கு என்ன வந்து சேரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

விலை கிடக்கட்டும். எழுமலை ரோட்டில் உங்களை எவன் சுடப்போகிறான்? வருவது கத்தி, அரிவாள். குண்டைத் தடுக்கிற துணி கத்தியையும் தடுக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. குண்டின் மூக்கு மொட்டை, இழைகளை இழுத்துக்கொண்டு நிற்கும். கூர்முனை அப்படியல்ல, இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கத்திக்கென்று தனி அங்கி, தனிச் சோதனை இருக்கிறது. பிரிட்டன் போலீஸ்காரர்கள் தினமும் மாட்டிக்கொண்டு நிற்பதில் கத்திக்குத்துக்கான தடுப்பும் உண்டு.

அப்புறம் வெயில். சத்தீஸ்கரில் மே மாதம் ரோந்து போய்த் திரும்பினால் உள்பனியனைப் பிழிந்து கால் செம்பு தண்ணீர் எடுக்கலாம். முதுகு முழுக்க வேர்க்குரு. மரநிழலைக் கண்டதும் பத்து நிமிடம் கழற்றி வைப்போமே என்று தோன்றும் பாருங்கள், எங்களுக்குப் பயமே அந்தப் பத்து நிமிடம்தான். சம்பளம் வாங்கிய எங்களுக்கே அப்படி. சித்திரை மாத மதுரையில் நீங்கள் நாலு நாள் போடுவீர்கள். ஐந்தாம் நாள் அது வீட்டு ஆணியில் தொங்கும்.

தெற்காவணிப் பட்டறை | புதன், பிற்பகல் 2.15

ஐயா அனுபவத்தில் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் கேட்டதில் பாதிக்குத்தான் பதில் வந்திருக்கிறது. சாதாரண ஆள் வைத்திருக்கலாமா என்பது அவருடைய முதல் கேள்வி.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு தடவை சரக்கோடு ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூர் போவேன். இடுப்பில் துணிப்பட்டை, அதற்குள் அடுத்தவர் தங்கம். பஸ் திண்டுக்கல்லில் நின்றால் மூத்திரம் போகக்கூட இறங்கமாட்டேன். ஏ.டி.எம்.முக்குப் பணம் ஏற்றிப்போகிற வேனில் துப்பாக்கியோடு காவலர் நிற்கிறார். அமைச்சர் இறங்கினால் சுற்றிலும் ஆள். எனக்கு யார்? பாதுகாப்பு என்ன, பதவியோடு சேர்ந்து வருகிற சீதனமா?

அங்கி யாரையும் குத்தாது, வெட்டாது. திருப்பாச்சேத்திக்குப் போய் அளவு சொன்னால் அரிவாள் அடித்துத் தருகிறார்கள். வெட்டுகிற சாமானை வாங்கும்போது வராத கேள்வி, வெட்டைத் தடுக்கிற சாமானுக்கு மட்டும் ஏன் வருகிறது? உதவுமா உதவாதா என்பது வாங்குகிறவன் பாடு. கூடாது என்று சொல்வதற்கு மற்றவர் யார்?

கறுப்புக்கோட்டு | புதன், மாலை 6.30

அரிவாள் பற்றி மட்டும் ஒரு திருத்தம். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், குத்துவாள் எல்லாம் ஆயுதக் கணக்கில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. கதிர் அறுக்கவும் தேங்காய் வெட்டவும் அரிவாள் வேண்டுமே. அந்த விலக்குக்குள் பதுங்கித்தான் மற்ற அரிவாள்களும் வெளியே வருகின்றன. 2021ல் ரவுடிகள் மேல் பெரிய தேடுதல் நடந்தபோது, அரிவாள் வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் பட்டறைகளில் குறித்துவைக்கச் சொன்னது தமிழகப் போலீஸ். ஆகவே கேள்வியே வரவில்லை என்று சொல்ல முடியாது.

தற்காப்பு உரிமை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106. உயிருக்கு மட்டுமல்ல, பொருளுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் கோர்ட்டில் நான் பார்த்த வெட்டுப்பட்ட பையன்கள், உரிமை இருக்கிறது என்று பையை இறுக்கிப் பிடித்தவர்கள். லைன்காரன் அண்ணே, அங்கி போட்ட தைரியத்தில் நீங்களும் பிடிப்பீர்கள். அது முதலாளி பணம், இன்ஷூரன்ஸ் போட்டுக்கொள்ளட்டும். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை முறுக்குங்கள்.

வார்டு அக்கா | புதன், இரவு 9.45

டூட்டி முடிந்து வந்து படித்தேன். அவசரப் பிரிவில் 14 வருடமாக நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

வெட்டுப்பட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது கையைத்தான். முன்கை, உள்ளங்கை, விரல். அரிவாளை ஓங்கினால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு எவரும் நிற்பதில்லை, கை தானாகத் தலைக்கு மேலே போகும். அதைத் தாண்டி விழுந்தால் மண்டை, கழுத்து, தோள். இதில் எதை உங்கள் ஜாக்கெட் மூடும்? குத்து வேறு. அது வயிற்றிலோ விலாவிலோ இறங்கும், அங்கே கத்தியைத் தடுக்கிற அங்கி இருந்தால் நிஜமாகவே உயிர் பிழைக்கும். அதனால் அங்கியே வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பூக்கடைக்காரர் வந்தார். தகராறு அவருக்கில்லை, பக்கத்துக் கடைக்கு. விலக்கிவிடப் போய் அரிவாளைப் பிடித்துவிட்டார். இடது கையில் நாலு விரலுக்கும் தசைநாண் அறுந்திருந்தது. விரல்கள் இருக்கின்றன, மடங்கவில்லை. நகக்கண்ணில் பச்சை நார் கறை அப்படியே இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கட்டு. கட்டோடு படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, "மறுபடி மாலை கட்ட வருமா சிஸ்டர்?"

காசு செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். குத்திய கத்தி உள்ளேயே இருந்தால் பிடுங்காதீர்கள், அதுதான் அப்போதைக்கு அடைப்பு. காபித்தூள், மஞ்சள்தூள் அப்பிக்கொண்டு வருவதை நிறுத்துங்கள், அதைக் கழுவவே எங்களுக்கு அரை மணி போகிறது. 108க்கு அடித்துவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள்.

பாலமேட்டுக் காளை | வியாழன், காலை 8.05

பேச்சைக் கொஞ்சம் திருப்புகிறேன், கோபிக்க வேண்டாம். குத்து என்றதும் எனக்கு வாடிவாசல்தான் ஞாபகம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் மாடு பிடித்திருக்கிறேன். நம்பர் போட்ட பனியன், டவுசர், அவ்வளவுதான் கவசம். கொம்பு ஏறுவது தொடையில், அடிவயிற்றில்.

அமெரிக்காவில் காளை மேல் ஏறி உட்காருகிற போட்டி நடக்கிறதே, அங்கே 1989ல் லேன் ஃப்ராஸ்ட் என்ற வீரர் கீழே விழுந்தபின் காளை முட்டி இறந்துபோனார். அதற்குப் பிறகு அவருடைய சிநேகிதர் கோடி லாம்பர்ட் மார்புக்கு ஒரு பாதுகாப்பு அங்கி செய்ய, இன்று அது இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. அதை இங்கே ஏன் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் செட்டில் ஒரு தடவை பேசினோம். பெரியவர் ஒருவர் சிரித்தார். "திமிலைக் கட்டிப் பிடிக்கிறவனுக்கு நெஞ்சு மாட்டோடு ஒட்டியிருக்கணும்டா. நடுவில் மெத்தையை வைத்தால் மாடு திரும்புவது உனக்குத் தெரியாது." மாடு உடம்பை முறுக்குவதற்கு முன்னால் அதன் விலா ஒரு துடி துடிக்கும், அது நம் நெஞ்சுக்குத்தான் முதலில் கேட்கும். ஆனாலும் அடிவயிற்றுக்கு மெல்லிய பட்டை ஒன்று இருந்திருந்தால் என் சித்தப்பா மகன் இன்று நிமிர்ந்து நடப்பான். இந்த விஷயத்தில் நான் பெரியவர் பக்கமும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை.

யானைக்கல் மாப்ள | வியாழன், காலை 8.20

காளைக்கும் ஒரு அங்கி மாட்டிவிட்டால் சரிசமம்.

ஜெர்சியில் ஒரு செல்லூர்க்காரன் | வியாழன், காலை 10.40

இங்கே நியூஜெர்சியில் இரவு. பட்டறைக்கார அண்ணனுக்குப் பதில் எழுதத்தான் விழித்திருக்கிறேன்.

அங்கி யாரையும் தாக்காது என்பது பாதி உண்மை. தாக்குகிறவனும் அதைப் போடுவானே? 1997 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த் ஹாலிவுட்டில் இரண்டு பேர் உடம்பெல்லாம் கவசம் கட்டிக்கொண்டு வங்கியில் கொள்ளையடித்தார்கள். போலீசின் பிஸ்டல் குண்டு அவர்கள் மேல் பட்டும் ஆள் விழவில்லை, முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. 2022 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒருவன் பத்துப் பேரைக் கொன்றான். அங்கே காவலுக்கு இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் அவனைக் குறிபார்த்துச் சுட்டார், குண்டும் பட்டது. தகடு தடுத்துவிட்டது. காவலரும் செத்தார்.

அடுத்த மாதமே நியூயார்க்கில் சட்டம் போட்டார்கள், குறிப்பிட்ட வேலைகளில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று. வேடிக்கை என்னவென்றால், அவசரத்தில் எழுதிய அந்தச் சட்டம் துணி அங்கியை மட்டும்தான் பிடித்தது, பஃபலோக்காரன் போட்டிருந்த எஃகுத் தகடு அதில் விட்டுப்போயிற்று. பிறகு ஜூலையில் திருத்தினார்கள். மற்றபடி நாடு முழுக்க உள்ள சட்டம், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவன் வைத்திருக்கக் கூடாது என்கிறது. மற்றவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் கடையிலேயே வாங்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் சொருகுகிற தகடுகூட விற்கிறார்கள். என் மகள் வகுப்பில் ஒரு பையன் வைத்திருக்கிறான். அதைத் தூக்கிப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெற்காவணிப் பட்டறை | வியாழன், இரவு 7.30

தம்பி, கொள்ளைக்காரன் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் செயின் அறுக்கிறான், அதற்காக ஹெல்மெட்டைத் தடுப்போமா? ஆனாலும் பஃபலோ காவலர் விஷயம் எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். தண்டனை பெற்றவனுக்குக் கூடாது என்கிற அளவுக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் வரமாட்டேன்.

பழைய பட்டாளம் | வெள்ளி, காலை 6.10

வைத்திருக்கும் உரிமையை நானும் மறுக்கவில்லை பட்டறைக்காரரே. போட்டவனுக்கு வருகிற நம்பிக்கைதான் எனக்குப் பயம். 2008 மும்பைத் தாக்குதலில் உயிர்விட்ட போலீஸ் அதிகாரி ஹேமந்த் கர்கரே தலைக்கவசமும் அங்கியும் மாட்டுவதை நாடே டி.வி.யில் பார்த்தது. குண்டு பாய்ந்தது தோளிலும் கழுத்துப் பக்கமும். அந்த அங்கியும் பிறகு ஆஸ்பத்திரியிலேயே காணாமல் போய், அவருடைய மனைவி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அலைய வேண்டியிருந்தது. நல்ல அங்கி என்றாலும் அது மூடுவது நெஞ்சையும் முதுகையும்தான். அதற்கும் ஆயுசு உண்டு. அமெரிக்காவில் ஸைலான் என்ற இழையில் செய்த அங்கிகள் சூட்டிலும் ஈரத்திலும் வலு இழக்கின்றன என்று தெரிந்து, 2005ல் தரப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் வியர்வைக்கும் வெயிலுக்கும் பஞ்சமா?

நாலுவழிச்சாலை | வெள்ளி, பகல் 11.30

யாரும் சொல்லவில்லை, அதனால் நான். 2022ல் இந்தியா முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே வருடம் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருசக்கர வண்டிக்காரர்கள். லைன்காரன் ராத்திரி பத்து மணிக்கு எக்ஸ்எல்லில் வருகிறார். ஹெல்மெட்டின் வார் மாட்டியிருக்கிறதா அண்ணே? 6,800 ரூபாய் கையில் இருந்தால், முழங்கை, தோள், முதுகு மூன்றிலும் தடுப்பு வைத்த பைக் ஜாக்கெட் வாங்குங்கள். காற்றோட்டத்துக்கு வலைத்துணியில் வருகிறது, வேர்க்குருவும் வராது. தடுப்பில் இ.என். 1621 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லைன்காரன் | ஞாயிறு, மாலை 5.20

இத்தனை பேர் எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஒரு விஷயம் நடந்தது.

உசிலம்பட்டியில் வட்டிக்கடை வைத்திருக்கும் என் மச்சான் இதே ஜாக்கெட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. இன்று காலை கறி எடுக்கப் போனபோது சொன்னேன், உடனே பீரோவிலிருந்து எடுத்து வந்தான். கறுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை எழுத்து, பார்க்க ஜோராக இருந்தது. திண்ணையில் விரித்துப் போட்டோம். பழைய பட்டாளம் ஐயா கூர்முனை பற்றி எழுதியதைப் படித்துக் காட்டினேன். மச்சானுக்கு ரோஷம். உள்ளே போய்ச் சாக்கு தைக்கிற கோணி ஊசியை எடுத்து வந்து, உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரே அழுத்து. இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் திண்ணைச் சிமெண்டில் 'டிக்' என்றது. அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏன்டா, மெத்தையா தைக்கிறீங்க?" என்றார்.

ஆக இது போலிதானே?

பழைய பட்டாளம் | ஞாயிறு, மாலை 6.00

அவசரப்படாதீர்கள். ஊசி போனதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நிஜமான கெவ்லாரிலும் ஊசி போகும், நான் சொன்னதே அதுதான். கத்தரியால் வெட்டிப் பாருங்கள். நிஜ இழை என்றால் வீட்டுக் கத்தரி வெட்டாமல் வழுக்கும், துணியை மென்று மென்று பிசிறாக்கும்.

லைன்காரன் | ஞாயிறு, இரவு 8.50

தையலைப் பிரித்தோம் ஐயா. கத்தரியே தேவைப்படவில்லை, ஆனாலும் வெட்டினோம், ரவிக்கைத் துணி மாதிரி சரசரவென்று போயிற்று. மேலே ரெக்சின், அப்புறம் பள்ளிக்கூடப் பையில் வைக்கிற நுரை, நடுவில் நாலாக மடித்த ஃபிளெக்ஸ் பேனர். விரித்தால் ஹிந்தி எழுத்து, அதற்குக் கீழே கூலிங்கிளாஸ் போட்ட ஒருவருடைய பாதி முகம். மச்சான் 7,200 கொடுத்திருக்கிறான். விற்றவனிடம் கேட்டால், பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டானாம்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். பெரிய கடைகளுக்கு க்யூ.ஆர். அட்டை கொடுக்கச் சம்மதித்தார், மிச்சப் பணத்தை மூன்று மணிக்குள் உசிலம்பட்டி பேங்கிலேயே கட்டிவிடச் சொன்னார். பேரையூர் லைனுக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை, அங்கே பாதிக் கடைக்காரர்கள் ராத்திரி கல்லா எண்ணிய பிறகுதான் கையை நீட்டுவார்கள். வீட்டுக்காரியிடம் நாலுவழிச்சாலை சொன்ன பைக் ஜாக்கெட்டைக் காட்டினேன். "இதில் கழுத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறாள். வார்டு அக்கா எழுதியதை அவளும் படித்துவிட்டாள்.

யானைக்கல் மாப்ள | ஞாயிறு, இரவு 9.05

அந்தப் பாதி முகத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் அண்ணே, யாரென்று கண்டுபிடிப்போம்.

லைன்காரன் | ஞாயிறு, இரவு 9.30

அதை மச்சான் மாட்டுக் கொட்டகைக் கூரை ஓட்டையில் செருகிவிட்டான். ஏழரைக்கு ஒரு மழை பெய்தது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையாம்.